ரூபாய்க்குப் பத்து பைசா

போன மாதம் சொத்து வரி கட்டினேன். பழைய மகாபலிபுரம் சாலையில், பதினோராவது மாடியில், காப்பி ஆறுவதற்குள் போனிலேயே வேலை முடிந்துவிட்டது. அப்பாவுக்கு இது அரை நாள் சமாசாரம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சில்லறையோடு கிளம்புவார். வரிசையில் நின்று கட்டிவிட்டு, அங்கேயே ஓரமாக நின்று ரசீதை மேலிருந்து கீழ்வரை படிப்பார். மற்ற இனங்களெல்லாம் அவருக்குச் சம்மதம். நூலக வரி ஒன்றுதான் உறுத்தும்.

"நம்ம வீட்ல யாரும் படிக்கல. அப்ப இதை யாருக்காகக் கட்டறோம்?"

1980களின் தொடக்கம். அயனாவரத்தில் தாத்தா விட்டுப்போன ஓட்டு வீடு. அப்பா ரயில்பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். ஸ்டோர்ஸில் கிளார்க், நட்டு போல்ட்டைக்கூட எண்ணி லெட்ஜரில் ஏற்றுகிறவர். நூலக வரி அரையாண்டுக்கு மூன்று ரூபாய் சொச்சம் வந்தது. அதைத் திரும்ப வசூல் பண்ணிக்கொண்டு வரத்தான் என்னைக் கிளை நூலகத்துக்கு அனுப்பினார். புத்தகம் படித்தால் பையன் முன்னுக்கு வருவான் என்கிற எண்ணமெல்லாம் அவருக்குக் கிடையாது.

என்னைச் சேர்க்க வந்த அன்று வரி ரசீதையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். நூலகர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வரி கட்டினாலும் படிக்கலாம், கட்டாட்டியும் படிக்கலாம் சார்" என்றார். அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. வைப்புத்தொகையைக் கேட்டபோது திருப்பித் தரப்படுமா என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார்.

நூலகம் வாடகைக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. கீழே ரேஷன் கடை. படிக்கட்டிலேயே மண்ணெண்ணெய் வாசனை தொடங்கிவிடும். அது புத்தகங்களிலும் ஏறியிருந்தது. 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தை எப்போது நினைத்தாலும் வந்தியத்தேவனோடு கூடவே மண்ணெண்ணெயும் வருகிறது. இத்தனைக்கும் நான் இரண்டாம் பாகத்துக்காக ஏழு வாரம் காத்திருந்தவன். அதை எடுத்துப் போனவர் யாரென்று நூலகருக்குத் தெரியும். சொல்ல மாட்டார்.

நுழைந்ததும் நீள மேஜை, இரண்டு பக்கமும் பெஞ்சு. காலையில் கதவு திறக்கும்போதே இரவு ஷிப்ட் முடிந்து வந்த ஐ.சி.எஃப். ஆட்களும் ரிட்டயர் ஆனவர்களும் நின்றிருப்பார்கள். தினத்தந்தி வந்து விழுந்ததும் தாள் தாளாகப் பிரிந்துவிடும். முதல் தாள் பெரியவர்களுக்கு, கடைசித் தாள் விளையாட்டுப் பிரியர்களுக்கு. பேச்சு கிடையாது. "சார், அது முடிஞ்சா" என்று ஒரு விரல் மட்டும் நீளும். என்னைப் போன்ற பொடிசுகளுக்கு நடுத்தாள்தான் மிஞ்சும். டெண்டர் அறிவிப்பு, காணவில்லை, சினிமா விளம்பரம். எந்தத் தியேட்டரில் எந்தப் படம் எத்தனையாவது வாரம் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். இன்றும் பேப்பரைக் கையில் எடுத்தால் நடுவில்தான் திறக்கிறேன். தலைப்புச் செய்தி எனக்கு எப்போதும் பழைய செய்தியாகத்தான் வந்து சேரும்.

சுவரில் புரவலர் பலகை. ஆயிரம் ரூபாய் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் நீலப் பெயின்டில். அப்பா அந்தப் பலகையைப் படித்துவிட்டு, "வரியும் கட்டி, ஆயிரமும் குடுத்திருக்கானே" என்று நிஜமாகவே கவலைப்பட்டார்.

கணக்கு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டார். நான் கொண்டுவரும் புத்தகத்தின் விலையைப் பார்த்துத் தேதியோடு எழுதுவார். எழுத்தாளர் பெயர் எழுத மாட்டார். முதல் அரையாண்டு முடிவில் கூட்டிப் பார்த்தால் 38 புத்தகங்கள், 411 ரூபாய். கட்டிய வரி மூன்று சொச்சம். "கவர்ன்மென்டுக்கு செம நஷ்டம்" என்று அன்று ராத்திரி இட்லி இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டார்.

அந்த நோட்டில் அம்மா இல்லை. நான் கொண்டுவந்ததில் பாதி அம்மாவுக்கு. லக்ஷ்மி, ராஜம் கிருஷ்ணன், சிவசங்கரி. பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதித் தருவாள். ஆனால் அந்த மாடிப்படியில் அம்மா ஒருமுறைகூட ஏறியதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தது முழுக்க ஆம்பளைகள். பெண்களுக்கென்று ஒரு மூலையில் சின்ன மேஜை போட்டிருந்தார்கள், அதில் பழைய பத்திரிகைகளைக் கட்டி அடுக்கியிருந்தது. இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்த பிறகுதான் அந்த மேஜையே எனக்கு ஞாபகம் வந்தது. ஏங்கும்போது இதையெல்லாம் மனசு வசதியாக விட்டுவிடுகிறது.

ஒரே நாவலை நான் மறுபடி தூக்கிவராமலிருக்க அம்மா ஓர் அடையாளம் வைத்திருந்தாள். படித்து முடித்ததும் பதினேழாம் பக்க எண்ணுக்கு அடியில் பென்சிலால் ஒரு புள்ளி. அலமாரி முன்னால் நின்று பதினேழாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். அப்படிப் புரட்டும்போது மற்ற பக்கங்களும் கண்ணில் படும். இருபத்திரண்டில் ஒரு நட்சத்திரம். ஒன்பதில் எண்ணைச் சுற்றி வட்டம். நாற்பதில் குங்குமத்தால் ஒரு சின்னத் தீற்றல். எல்லாம் வேறு வேறு வீடு. நூலகத்துக்கு வராமலேயே அத்தனை பேர் வந்துபோயிருக்கிறார்கள்.

ஒருநாள் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தது. "ஒரே புஸ்தகத்தை ரெண்டு பேர் படிச்சா ரெண்டு தடவை எழுதலாமா?" என்று கேட்டார். "எழுதிக்குங்க, அதுக்கென்ன" என்றாள் அம்மா. அந்த அரையாண்டு லாபம் இரட்டிப்பானது.

இந்த நூலக வரிக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார் இருந்தார் என்பதைப் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலகம் யாருடைய தயவிலும் நடக்கக் கூடாது, சட்டமும் அதற்கென்று வரியும் வேண்டும் என்று வருஷக்கணக்கில் விடாமல் வாதாடினார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல், அது சட்டமானது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. வசூலானது நூலகத்துக்குப் போய்ச் சேராமல் கோடிக்கணக்கில் நிலுவை என்று அவ்வப்போது பேப்பரில் வரும். அப்பா அந்தச் செய்திகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருக்கிறார், வாராக்கடன் பட்டியல் மாதிரி.

கன்னிமாரா நூலகத்துக்கு ஒரே ஒரு தடவை என்னைக் கூட்டிப்போனார். 1896இல் திறந்த கட்டடம், செதுக்கிய தேக்கு அலமாரி, வண்ணக் கண்ணாடி எதுவும் அவரை அசைக்கவில்லை. இந்தியாவில் எந்தப் பதிப்பாளர் புத்தகம் போட்டாலும் சட்டப்படி ஒரு பிரதி இங்கே வந்தாக வேண்டும், இப்படி நாட்டில் நாலே நாலு நூலகம்தான் என்று அங்கிருந்தவர் சொன்னதும்தான் நின்றார். "எல்லாம் சும்மாவா வருது?" திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. கல்லூரி நாட்களில் எனக்கு அண்ணா சாலையில் எல்.எல்.ஏ. பில்டிங் என்கிற நூலகக் கட்டடம் பழக்கமாயிற்று. புத்தக வெளியீடு, காரசாரம், வெளியே டீ. அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்தது. அதை மருத்துவமனையாக மாற்றப்போகிறார்கள் என்ற பேச்சும் கோர்ட்டு வழக்குமாக இருந்த சமயத்தில், "இருக்கறப்பவே பாத்துடணும்" என்று அப்பா கேட்டார். லிப்டில் எட்டு மாடியும் சுற்றினோம். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கிறவர்களுக்கான பகுதியில் வாசலிலேயே நின்றுவிட்டார். வரிசை வரிசையாகப் பையன்களும் பெண்களும். போட்டித் தேர்வுப் புத்தகம், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில்.

"சொந்தப் புஸ்தகத்தை இங்க கொண்டாந்து படிக்கறானா? அப்ப இவனுக்கு என்ன லாபம்?"

நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாக, "வீட்ல எடம் இல்லியோ என்னமோ" என்றார். அன்று நோட்டில் எதுவும் எழுதவில்லை.

அப்பா போய், அயனாவரம் வீட்டை விற்று, நான் இந்தப் பக்கம் வந்தாயிற்று. எங்கள் குடியிருப்பில் 'லைப்ரரி' என்று போர்டு மாட்டிய ஓர் அறை இருக்கிறது. வீடு காலி செய்தவர்கள் விட்டுப்போன ஆங்கிலப் புத்தகங்கள் இரண்டு அடுக்கு. குழந்தைகள் அங்கே போன் சார்ஜ் போடுகிறார்கள்.

வரி கட்டிய அன்று அந்த நாற்பது பக்க நோட்டைத் தேடி எடுத்தேன். நூலக வரியாக நான் இப்போது கட்டுவது அப்பா கட்டியதைப்போல நூறு மடங்குக்குமேல். கடைசி வரவுக்குக் கீழே இந்த அரையாண்டை எழுதிப் பார்த்தேன். புத்தகம் பூஜ்யம். போன அரையாண்டும் பூஜ்யம். அதற்கு முன்னால் எத்தனை அரையாண்டு என்று எண்ணாமல் நோட்டை மூடிவிட்டேன்.

மறுவாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அயனாவரம் கிளம்பினேன். ரேஷன் கடை இப்போது செல்போன் ரிப்பேர் கடை. மேலே நூலகப் பலகை அப்படியே இருந்தது. படிக்கட்டில் பாதி ஏறியதும் மூச்சை இழுத்துப் பார்த்தேன், மண்ணெண்ணெய் இல்லை. மேலே கதவில் பூட்டு. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். நீள மேஜை இருந்தது. அதன்மேல் நேற்றைய பேப்பர், தாள்கள் ஒழுங்காகச் சேர்த்து மடித்து.

கீழே இஸ்திரி வண்டிக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"வெள்ளிக்கெழம லைப்ரரி லீவு சார். ஊருக்குப் புதுசா?"