பர்னாந்துகளும் இனிஷியல்களும்

நாங்கள் படித்த காலத்தில் வகுப்பு வருகைப் பதிவேட்டில் இரண்டு விதமான பெயர்கள் இருந்தன. நாசரேத், பிரகாசபுரம், மூக்குப்பேரிப் பிள்ளைகளுக்கு முன்னால் ஓர் ஆங்கில எழுத்து, புள்ளி, அப்புறம் பெயர். விடுதியில் தங்கிப் படித்த கடற்கரைப் பிள்ளைகளுக்கோ பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர்: மச்சாது, மிராந்தா, கொரைரா, தல்மெய்தா. அதிலும் சார்வாள் “பர்னாந்து” என்று மட்டும் கூப்பிட்டால் வகுப்பின் நாலு மூலையிலிருந்தும் “உள்ளேன் ஐயா” வரும். எனக்கு அது பொறாமையாக இருந்தது. ஒரே பெயரை அத்தனை பேர் சேர்ந்து வைத்திருப்பது ஒரு பலம் போலத் தோன்றியது.

வீட்டில் ஆச்சியிடம் கேட்டேன். “அவிய கப்பல்காரன் பேரு வச்சவிய. நாம வேதத்துப் பேரு வச்சவிய” என்றாள். அவளுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

நாசரேத்தில் ரயில் ஏறினால் கச்சனாவிளை, குறும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம், அடுத்தது திருச்செந்தூர். கடல் அவ்வளவு பக்கம். ஆனால் பெயர் விஷயத்தில் கடற்கரைக்கும் எங்கள் தேரிக்காட்டுக்கும் நடுவே இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறது. முத்துக்குளித்துறையில் யார் கை ஓங்குவது என்ற சண்டை முற்றிப்போய், 1530-களில் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். வழிகாட்டியவர் ஜுவான் தா குரூஸ் என்ற குதிரை வியாபாரி. சில வருஷங்களுக்குள் வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை கடற்கரை முழுக்க ஞானஸ்நானம் நடந்து முடிந்தது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து சேர்ந்தபோது பெயர்கள் ஏற்கெனவே மாறியிருந்தன. ஜெபம் சொல்லித்தர ஆள்தான் இல்லை.

ஞானத்தகப்பனாக நின்றவர்களின் பெயரைப் பிள்ளைகள் பெற்றுக்கொண்டார்கள் என்பதுதான் கரையில் வழிவழியாகச் சொல்லப்படுவது. சிப்பாயோ கப்பல் அதிகாரியோ, எந்த பர்னாந்து எந்தத் தெருவுக்கு நின்றான் என்று இன்று யாரால் சொல்ல முடியும்? பிறகு 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், திருமணங்களையும் ஞானப்பெற்றோர் பெயர்களையும் பங்குக் குருமார் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. எழுதிய பெயரால் நகர முடியாது. என் நினைப்பில், குடும்பப் பெயர் என்பது அங்கேதான் இறுகுகிறது.

1658-இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். போர்ச்சுக்கீசியக் கொடி போயிற்று, பெயர்கள் போகவில்லை. டச்சுக்காரர் தங்கள் மதத்துக்கு இழுத்துப் பார்த்தும் கரை கத்தோலிக்கமாகவே நின்றது. அதனோடு பர்னாந்துவும் ரொட்ரிகோவும் நின்றார்கள். பூபாலராயர், வில்லவராயர் என்ற பழைய பட்டங்களும் சில குடும்பங்களில் அப்படியே தொடர்ந்தன. ஞானஸ்நானத் தண்ணீர் எல்லாப் பெயரையும் கழுவிவிடவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம் உண்டு.

தூத்துக்குடியில் பஸ்ஸில் போகும்போது “குரூஸ் பர்னாந்து சிலை” என்று இறங்குவோம். நகராட்சித் தலைவராக இருந்து, 1927-இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரை அந்த உப்பு ஊருக்குக் கொண்டுவந்த மனிதர். அதே 1927-இல் அதே ஊரில் பிறந்தவர்தான் நடிகர் சந்திரபாபு. ஜோசப் பனிமயதாஸ் ரொட்ரிகஸ் சந்திரபாபு. அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஊரே தெரியும்: விவிலியம், பனிமய மாதா கோயில், போர்ச்சுக்கல், அப்புறம் அவர் விரும்பிய ஒரு நவீனப் பெயர். பிள்ளைப் பருவத்தில் கொழும்பில் வளர்ந்தார். சினிமாவில் குடும்பப் பெயரை விட்டுவிட்டார்.

கொழும்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. முத்தும் கருவாடும் துணியும் போன வழியிலேயே கரைப் பெயர்களும் கடலைத் தாண்டின. இலங்கை மக்கள்தொகைக் கணக்கில் பரதர் என்று தனியாக ஓர் இனமே எழுதப்படுகிறது. அங்கே பெர்னாண்டோ என்பது சிங்களவர்களிடமும் தமிழர்களிடமும் மிகச் சாதாரணப் பெயர். நீர்கொழும்பிலும் மொறட்டுவையிலும் சிங்களம் பேசும் பெர்னாண்டோக்கள், நம் கரையில் தமிழ் பேசும் பர்னாந்துகள். எங்கள் விடுதிப் பையன்கள் எந்த பர்னாந்து என்று சொல்ல வீட்டுப் பட்டப்பெயரைத்தான் நம்பினார்கள். அத்தனை பேருக்கும் பொதுவான பெயர் ஒருவனைக் காட்டிக்கொடுக்காது.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. முதல் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவக் குடியிருப்பு முதலூர், 1799. அதற்குக் காரணமான சுந்தரானந்தம், தாவீது என்று ஞானஸ்நானம் பெற்றவர். அதன்பின் வந்த வருஷங்களில் சாண்பத்து என்ற எங்கள் ஊர் நாசரேத் ஆனது. ஊருக்கே பெயர் மாறும்போது ஆளுக்கு மாறாதா? சாமுவேல், தேவசகாயம், ஞானமுத்து, வேதமாணிக்கம், மாசிலாமணி என்று வந்தன. 1876 முதல் 1908 வரை இங்கே ஊழியம் செய்த மர்காஷிஸ் ஐயர் பெயர் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போயிற்று. ரேனியஸ் ஐயர் பெயரைப் பிள்ளைகளுக்கே வைத்தார்கள். ஆனால் மிஷனெரிமார் எங்களுக்குக் குடும்பப் பெயர் தரவில்லை. அப்பா பெயர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நின்றது. தேவசகாயத்தின் மகன் சாமுவேல், சாமுவேலின் மகன் மறுபடியும் தேவசகாயம். தாத்தா பெயர் பேரனுக்கு வந்து, ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை உயிரோடு சுற்றிக்கொண்டே இருக்கும்.

வெகுகாலம் கழித்துத்தான் அந்த வகுப்பறைப் பொறாமை தீர்ந்தது. போர்ச்சுக்கீசியத்தில் பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் பிள்ளை, ரொட்ரிகஸ் என்றால் ரொட்ரிகோவின் பிள்ளை. முன்னொரு காலத்தில் அங்கேயும் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. எங்கள் இனிஷியல் செய்கிற அதே வேலை. பிறகு ஒரு கட்டத்தில் ஏதோ ஓர் அப்பனோடு நின்றுபோய், அவர் பெயரே வம்சத்துக்கு ஆகிவிட்டது. நம் கரையில் பெரும்பாலும் நிலைத்தது பெர்னாண்டஸ்கூட இல்லை, பர்னாந்து. போர்ச்சுக்கலில் அது பிள்ளைக்கு வைக்கும் முன்பெயர்.

அப்பன் பெயர் அப்படி நின்றுபோவது இப்போது எங்கள் வீட்டிலேயே நடக்கிறது. பாஸ்போர்ட் படிவத்தில் சர்நேம் என்று ஒரு கட்டம். அதை வெறுமையாக விட்டால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாதவர் என்று எழுதிவிடுகிறார்கள். 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிவிட்டது. ஆகவே துபாய்க்குக் கிளம்புகிற பையன் இனிஷியலை விரித்து அப்பா பெயரை எழுதுகிறான். அவன் பிள்ளைக்கும் அதுவே சர்நேம். டொரொண்டோவில் பிறந்த எங்கள் குடும்பத்துப் பெண்குழந்தைக்குத் தன் அப்பாவின் தாத்தா பெயர்தான் பின்னால் நிற்கிறது. சுற்றிக்கொண்டிருந்த பெயர் ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தமும் உண்டு, அந்தக் கிழவர் கனடா வரைக்கும் போய்விட்டார் என்ற பெருமையும் உண்டு.

இந்தக் கணக்கில் வராதவர்கள் அம்மாக்கள். கடற்கரையில் பெண்கள் அப்பன் வழிப் பெயரோடு பிறந்து புருஷன் வழிப் பெயரோடு போனார்கள். எங்கள் பக்கம் அவர்கள் எழுத்தாகக்கூட நிற்கவில்லை. கல்யாணத்தோடு இனிஷியலும் மாறியது. நான் எழுதிவரும் நோட்டில் ஆண்கள் வரிசை ஞானஸ்நானத்துக்கு முந்தைய பெயர் வரை ஏறிவிட்டது. பெண்கள் பக்கம் ஆச்சியோடு நின்றிருக்கிறது. குறும்பூரில் அத்தை இருக்கிறாள், நினைவு தெளிவாக இருக்கிறது. வருகிற சனிக்கிழமை நோட்டோடு வரச் சொல்லியிருக்கிறாள். ஆச்சியின் அம்மா பெயரிலிருந்து தொடங்குகிறோம்.