தோலில் விழுந்த வலை

கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் இடையே அமைந்த எம் தம்மம்பட்டியில் மார்கழிக் குளிர் சற்றுக் கடுமையாகவே இருக்கும். அந்நாட்களில் பிள்ளைகளின் கால்களில் ஊதாக் கோடுகள் வலைபோல் படர்வதும், போர்வைக்குள் புகுந்ததும் அவை மறைவதும் வீடுதோறும் கண்ட காட்சியே. ஆதலால் எம் தங்கையின் கால்களில் அவ்வலை தோன்றியபோது எவரும் பொருட்படுத்தவில்லை. சித்திரை வெயிலிலும் அது மறையவில்லை. "அடுப்படியே கதியென்று கிடந்தால் இப்படித்தான்" என்று அம்மா சொல்லி முடித்துவிட்டார்.

மணமான நான்கு ஆண்டுகளில் அவளுக்கு மூன்று முறை கரு கலைந்தது. கண்ணேறு என்றனர் சிலர், ஓதியும் பார்த்தோம். கால் வலைக்கும் கலைந்த கருவுக்கும் உறவு உண்டென்று எவருக்குத் தோன்றும்?

மூன்றாம் முறை கருவுற்றிருந்தபோது வழக்கமாகச் செய்யும் வி.டி.ஆர்.எல். சோதனை, அவளுக்கு மேகநோய் இருப்பதாகக் காட்டியது. தாளைத் தந்தவர் விளக்கம் ஏதும் கூறவில்லை. அவர் பார்த்த பார்வையே போதுமாயிருந்தது. மச்சானின் சோதனையில் குறையில்லை என்றானதும் அவர் வீட்டார் பேச்சைக் குறைத்தனர். அத்தா பள்ளியில் தொழுதுவிட்டு எவர் முகமும் பாராமல் வீடு திரும்பினார். நாம் என்ன செய்தோம்? உடன்பிறந்தவளிடமே, "உண்மையைச் சொல்" என்றோம். அவள் அழவில்லை. எம்மை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சில மாதங்கள் சென்றபின் கணுக்காலில் ஆறாத புண்ணொன்று கண்டது. சேலத்தில் தோல் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் புண்ணைவிட அதைச் சூழ்ந்திருந்த வலையையே நெடுநேரம் நோக்கினார். பின்பு, "எத்தனை கரு கலைந்ததம்மா?" என்று கேட்டார்.

உடலே தனக்கு எதிராகச் சில எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, இரத்தத்தைக் குழாய்களுக்குள்ளேயே உறையச் செய்யும் நோய் அது. ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்பது அதன் பெயர். லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் 1983-இல் அதனை விளக்கினார். நுண்குழாய்களில் ஓட்டம் தடைப்பட, தேங்கிய இரத்தம் தோலின்மேல் ஊதா வலையாகத் தெரிகிறது. ஐரோப்பாவில் 1,000 நோயாளரை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இவ்வலை இருந்தது. 1965-இலேயே ஸ்னெடன் என்னும் ஆங்கிலேய மருத்துவர், இத்தகைய வலையும் பக்கவாதமும் சேர்ந்து கண்ட அறுவரைப் பற்றி எழுதியிருந்தார்.

பழிக்கும் விடை கிடைத்தது. வி.டி.ஆர்.எல். சோதனையில் கார்டியோலிப்பின் என்னும் கொழுப்பு பயன்படுகிறது. இந்நோயின் எதிர்ப்பொருள் அதனையும் பற்றிக்கொள்வதால், மேகநோய் இல்லாதவருக்கும் இருப்பதாக முடிவு வரக்கூடும். உறுதி செய்யும் டி.பி.எச்.ஏ. சோதனையில் தங்கைக்கு ஒன்றுமில்லை. கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளோ மிகுந்திருந்தது. 12 வாரங்கள் கழித்துப் பார்த்தபோதும் குறையவில்லை. நோய் உறுதியாயிற்று.

அடுத்த முறை ஆஸ்பிரின் மாத்திரையும், நாள்தோறும் வயிற்றில் ஹெப்பாரின் ஊசியும். இறையருளால் பெண் குழந்தை பிறந்து நலமாயிருக்கிறது.

குளிர் விலகியும் மறையாத வலை, காரணமின்றிக் கண்டு ஆறாத புண், விரல் நுனி கறுத்தல், மீண்டும் மீண்டும் கரு கலைதல் இவற்றைக் காணும் குடும்பத்தார் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக. ஒரே ஒரு சோதனைத் தாளைக் கொண்டு ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளவிடாதீர்கள். ஆதாரமின்றிப் பழி சுமத்துவதைப் பெரும்பாவமென்று நம் மார்க்கம் கண்டித்திருப்பதை அறிந்தவர்கள்தாமே நாம்! அறிந்திருந்தும் அன்று கேட்டோம். தங்கை அதைப்பற்றி இன்றுவரை ஒரு சொல்லும் சொன்னதில்லை. மன்னிப்புக் கேட்க எமக்கு ஆண்டுகள் பல பிடித்தன. கேட்டபோது அவள், "குழந்தையைச் சற்றுப் பிடியுங்கள் அண்ணா" என்று கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குச் சென்றாள்.