பூனையின் மௌனம்

வாகன ஆலைகள் சூழ்ந்த சாகணின் சாலைகளில் அடிபடும் நாய் ஊரறியக் கதறும். பூனையோ ஓசையின்றி ஒரு மூலையில் ஒடுங்கிவிடும். வேட்டையாடும் உயிராயினும் தானும் பிறிதொன்றுக்கு இரையாவதால், வலியை மறைப்பது அதன் தற்காப்பு. உறங்குகிறதென எண்ணிக் கடந்து செல்வோரே மிகுதி.

ஆயினும் முகம் மறைப்பதில்லை. மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட அளவுகோல் ஐந்து குறிகளைச் சுட்டுகிறது: பக்கவாட்டில் திரும்பிய காதுகள், இடுங்கிய கண்கள், இறுகிய வாய்ப்பகுதி, முன்னோக்கி விறைத்த மீசை, தோளினும் தாழ்ந்த தலை. விழித்திருக்கையில் நோக்கி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிடுவர். கூட்டுத்தொகை 10க்கு 4 ஆனால் வலிநீக்க மருந்து தேவை.

அம்மருந்து வீட்டிலுள்ள பாராசிட்டமால் அன்று. அதனை நச்சுநீக்கி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும். வலியைக் கண்டறிந்த இரக்கம் கால்நடை மருத்துவரிடமே சென்று சேர வேண்டும்.