பெயர்த் தகடு இல்லாத மரங்கள்

"அப்பா, இது என்ன மரம்?"

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து என் எட்டு வயது மகள் கேட்டுவரும் கேள்வி இது. வீதியோரத்திலோ பாடசாலை மதிலுக்குப் பின்னாலோ கூராக நிற்கும் பச்சை மரம் எதைக் கண்டாலும் "அது கிறிஸ்மஸ் மரம், பிள்ளை" என்று சமாளித்து வந்தேன். ஒருநாள் அவள், "எல்லாமே கிறிஸ்மஸ் மரமே?" என்று கேட்டாள். "தெரியாது" என்றேன். பாடசாலைப் பாடம் என்றாலும் என் பதில் அதுதான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் என்னிடம் கேட்பதைக் குறைத்துக்கொண்டாள். சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட எனக்கு அது மனதை உறுத்தியது.

ஓகஸ்ட் மாதம் தொழிற்சாலை விடுமுறையில், கட்டுச்சோறும் கட்டிக்கொண்டு, கென்ற் கவுண்டியில் கூட்ஹேர்ஸ்ற் கிராமத்துக்கு அருகிலுள்ள பெஜ்பெரிக்குப் போனோம். உலகின் பல பாகங்களிலிருந்தும் கொண்டுவந்த ஊசியிலை மரங்களை ஒரே இடத்தில் வளர்க்கும் தோட்டம் இது. லண்டன் நகரத்துப் புகை கியூ தாவரவியற் பூங்காவில் நின்ற இந்த வகை மரங்களுக்கு ஒத்துவரவில்லை. ஆகவே 1925ஆம் ஆண்டு கியூவும் அரச வனத்துறையும் சேர்ந்து இந்தத் தோட்டத்தை அமைத்தன. 1987 ஒக்ரோபர் பெரும்புயலில் ஏறக்குறைய கால்வாசி மரங்கள் விழுந்தன. மறுபடியும் நட்டு வளர்த்திருக்கிறார்கள்.

பல மரங்களில் பெயர்த் தகடு உண்டு. ஆனால் மகள் மறித்து நின்ற இடத்தில் இருந்த மூன்று மரங்களிலும் தகடு எங்கள் கண்ணில் படவில்லை. எனக்கோ மூன்றும் ஒன்றுபோலவே தெரிந்தன. நாயோடு நடந்து வந்த ஒரு வயோதிப மாதுவிடம் என் அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்தேன். அவர் சிரித்துவிட்டு, "கண்ணால் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். கையால் பாருங்கள்" என்றார். அவர் காட்டித் தந்ததை வாசகர்களுக்கும் சொல்கிறேன். மரத்தில் பிடுங்க வேண்டாம், கீழே விழுந்து கிடக்கும் கொப்பே போதும்.

ஊசிகள் இரண்டாக, மூன்றாக அல்லது ஐந்தாகக் கட்டுக்கட்டாக இருந்தால் அது பைன். தனித்தனியாக இருந்தால் பெரும்பாலும் ஸ்புறூஸ் அல்லது ஃபேர். ஒரு ஊசியை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். ஸ்புறூஸ் ஊசி பொதுவாக நாற்பக்கம் கொண்டது, உருளும். ஃபேர் ஊசி தட்டை, உருளாது. ஊசி உதிர்ந்த ஸ்புறூஸ் கொப்பைத் தடவினால் அரம்போல் சொரசொரக்கும். ஒவ்வொரு ஊசியும் ஒரு சிறு முளையை விட்டுப் போவதுதான் காரணம். ஃபேர் கொப்பில் வட்டமான தழும்பு மட்டும் இருக்கும். நாள் முழுவதும் இரும்போடு வேலை செய்யும் என் கைக்கு இது உடனே விளங்கியது.

இன்னொரு அடையாளம் கூம்பு. ஸ்புறூஸ் கூம்பு கீழ்நோக்கித் தொங்கும், முழுதாக விழும். ஃபேர் கூம்பு கொப்பின்மேல் நிமிர்ந்து நிற்கும், மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஆகவே கீழே முழுக் கூம்புகள் நிறையக் கிடந்தால் அநேகமாக அது ஃபேர் அல்ல.

இனி எங்கள் மூன்று மரங்களுக்கு வருவோம். முதலாவதன் கொப்பு கையை அராவியது. அது ஸ்புறூஸ். இரண்டாவதன் ஊசிகள் இரு பக்கமும் சீப்புப்போல் தட்டையாகப் படிந்திருந்தன. கசக்கினால் தோடம்பழ வாசனை வந்தது. அது வட அமெரிக்காவிலிருந்து வந்த கிராண்ட் ஃபேர். மூன்றாவதன் கீழே மகள் ஒரு கூம்பைக் கண்டெடுத்தாள். ஒவ்வொரு செதிலுக்கும் அடியிலிருந்து மூன்று முனையுள்ள நாக்கு ஒன்று, ஒளிந்திருக்கும் எலியின் வாலும் பின்னங்கால்களும்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது டக்ளஸ் ஃபேர். பெயரில்தான் ஃபேர், உண்மையில் அது வேறு இனம். 1827இல் டேவிட் டக்ளஸ் என்பவர் அனுப்பிய விதை மூலம் இந்நாட்டுக்கு வந்தது.

பிரித்தானியாவின் சுதேச ஊசியிலை மரங்கள் மூன்றே மூன்றுதான் என்றும் அந்த மாது சொன்னார்: ஸ்கொற்ஸ் பைன், யூ, ஜூனிப்பர். மற்றவை எல்லாம் வெளியிலிருந்து வந்து வேரூன்றியவை. கேட்டபோது எங்களுக்கு ஒரு ஆறுதல்.

"எங்கட மணற்காட்டுச் சவுக்கும் இந்த இனமோ?" என்று மனைவி கேட்டார். அது அல்ல. சவுக்கில் ஊசிபோலத் தெரிவது கணுக்கணுவான மெல்லிய தண்டு. அது பூக்கும் தாவரம்.

சிறிது தூரத்தில் ஓர் ஆள் உயர மரம். கொப்புகளின்மேல் ஊதாநிறக் கூம்புகள் மெழுகுதிரி ஏற்றி வைத்ததுபோல் நிமிர்ந்து நின்றன. நான் வாய் திறக்குமுன் மகள், "அப்பா, இது ஃபேர்!" என்று கத்தினாள். கிட்டப்போய்ப் பார்த்தோம். தகடு இருந்தது: கொரிய ஃபேர்.

போக விரும்புவோருக்கு: கார் நிறுத்தக் கட்டணம் உண்டு. கூம்புகளைப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். யூ மரத்தின் இலையும் விதையும் நஞ்சு. சிவப்புப் பழம் கண்டு பிள்ளைகள் வாயில் வைக்காமல் கவனியுங்கள்.

திரும்பும் வழியில் பெற்றோல் நிலையத்துக்குப் பின்னால் நின்ற மரத்தைக் காட்டி, "அது என்ன, அப்பா?" என்றாள் மகள்.

"தெரியாது. வா, இறங்கித் தடவிப் பார்ப்பம்" என்றேன்.