பொங்கலுக்கு ஒரு நாவல்

பொங்கலை ஒட்டி சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது. அன்பளிப்புக்கு எல்லோரும் ‘பொன்னியின் செல்வன்’ தேடுவார்கள். அருமையான நூல்தான், ஆனால் பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அதிகம் பேசப்படாத நூல்களையே நான் தேடி வாங்குகிறேன். பெறுபவரின் வாழ்க்கைக்கும் புத்தகத்துக்கும் ஓர் ஒட்டு இருந்தால் போதும்.

கோவைப் பக்கத்து அத்தைக்கு ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’. நிலத்தில் தன் பங்கைக் கேட்கும் கைம்பெண்ணின் கதை. 1942-லேயே கொங்குப் பேச்சில் வந்த நாவல். நாகர்கோவில் தோழியின் மகளுக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ (1964). பெரியவளானதும் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் அடைபடும் லிஸியை அவள் புரிந்துகொள்வாள். மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய மாமாவுக்கு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ (1972). இரண்டாம் உலகப்போர்க் காலத்து மெடானும் பினாங்கும் அதில் உயிரோடு இருக்கின்றன.

முதல் பக்கத்தில், இதை ஏன் அவருக்குத் தேர்ந்தெடுத்தேன் என்று இரண்டு வரி எழுதிவிடுவேன். அந்த இரண்டு வரிதான் பலரைப் படிக்கத் தொடங்க வைக்கிறது.

விற்காத நூல் மறுபதிப்பு காணாது. இந்தப் பொங்கலுக்கு, நீங்கள் நேசிக்கும், ஊர் அறியாத ஒரு தமிழ் நூலை ஒருவருக்காவது கொடுங்கள். அதன் பெயரைக் கீழே சொல்லுங்கள், நானும் வாங்குகிறேன்.