கோணிக்குக் கீழே ஓர் இயந்திரம்

கார் இயந்திரத்தைப்பற்றிக் குருவானவர் ஒருவர் எழுதப் புகுந்தாரே என்று வாசகர்கள் வியக்கக்கூடும். இத்துறையில் நமக்குப் புலமை ஏதுமில்லை. ஆயினும், உடன்பிறந்தார் மூவருக்கிடையே எழுந்த வழக்கொன்றில் மூத்தவர் என்ற முறையில் தீர்ப்புக் கூறும் பொறுப்பு சென்ற ஆண்டு நம் தலைமேல் வந்து விழுந்தது. வழக்குப் பொருள், புதுவை நெல்லித்தோப்பில் தம்பியின் வீட்டுப் பின்கட்டில் இருபது ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்த நம் தந்தையாரின் வண்டி. 1969ஆம் ஆண்டின் அம்பாசடர் மார்க் 2.

தந்தையார் புகைவண்டி நிலையத்தருகே வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர். 1975இல் கடன்பட்டு இவ்வண்டியை வாங்கியபோது அதற்கு வயது ஆறு, நமக்கும் ஆறு. பிரான்சுக்குப் புறப்படும் குடும்பங்களை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கு ஏற்றிச் செல்வதே அவருக்கு நல்ல சவாரி. கிழக்குக் கடற்கரைச் சாலை அந்நாளில் ஏது? திண்டிவனம் வழியேதான் போகவேண்டும். வில்லியனூர் மாதா திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கும் எத்தனை குடும்பங்களை அவ்வண்டி சுமந்ததோ, கணக்கில்லை.

1973இலும் மீண்டும் 1979இலும் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியதை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். வாடகைக் கார்க்காரர்களின் அடுப்பில் அது கைவைத்தது. டீசலோ அப்போது பெட்ரோலின் விலையில் ஏறத்தாழப் பாதிதான். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமும் 1980ஆம் ஆண்டையொட்டி டீசல் அம்பாசடரை வெளியிட்டது. தந்தையார் மூன்றாண்டுகள் பொறுத்திருந்து, 1983இல், விபத்தில் நொறுங்கிய டீசல் வண்டியொன்றின் இயந்திரத்தை விலைபேசி வாங்கித் தம் வண்டியில் பூட்டினார். பதிவுப் புத்தகத்திலும் அம்மாற்றத்தை முறைப்படி எழுதிக்கொண்டார். பழைய பெட்ரோல் இயந்திரமும் இந்த டீசலும் ஒரே ஆங்கிலக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் 1489 சி.சி. அளவின. ஆகவே அதிக வெட்டும் ஒட்டும் இன்றி ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர்ந்துவிட்டது. பலந்தான் குறைவு. பெட்ரோலுக்கு ஏறத்தாழ 50 குதிரைத்திறன் என்றால் இதற்கு 37தான். ஏற்காட்டு மலையில் ஐந்துபேரை ஏற்றிக்கொண்டு போனால் நடந்து போகிறவர்கள் முந்திவிடுவார்கள் என்று அவரே சிரிப்பார்.

அடுத்த ஆண்டு நாம் சிறிய குருமடத்தில் சேர்ந்தோம். தம்பியும் தங்கையும் பள்ளியில் இருந்தார்கள். எங்கள் மூவரையும் படிக்கவைத்தது அந்த டீசல் இயந்திரமே. கழற்றிய பெட்ரோல் இயந்திரத்தைத் தந்தையார் விற்கவில்லை. கோணிப்பையில் சுற்றிப் பின்கட்டு மூலையில் வைத்துவிட்டார். 2004இல் அவர் இறைவனடி சேர்ந்தார். வண்டியும் அன்றோடு நின்றது.

நிற்க. சென்ற ஆண்டு தம்பி வண்டியைப் புதுப்பிக்க விரும்பினார். தகரத்தை ஒட்டுவதிலோ வண்ணம் பூசுவதிலோ கருத்து வேறுபாடில்லை. முன்மூடியைத் திறந்தவுடனேதான் வழக்குத் தொடங்கியது.

தம்பியின் கட்சி, ஜப்பானிய இசுசு இயந்திரத்தைப் பூட்டவேண்டும் என்பது. 1992 முதல் அம்பாசடரிலேயே வந்த இயந்திரந்தான் அது. 1817 சி.சி., 75 குதிரைத்திறன், ஐந்து கியர். "கம்பெனிக்காரனே 1958இல் ஒன்று, அடுத்த வருஷம் ஒன்று, பிறகு டீசல், பிறகு இசுசு என்று மாற்றிக்கொண்டே வந்தானே, அண்ணே! மேலே சட்டை ஒன்றுதான், உள்ளே ஆள் வேறு. நாம் மாற்றினால் மட்டும் குற்றமா?" என்றார். வாதத்தில் வலு இருந்தது. நமக்கு உடனே விடை தோன்றவில்லை.

விடை சொன்னவர் மெக்கானிக். இசுசு வேறு குடும்பத்து இயந்திரமாதலால், அதனைத் தாங்கும் பிடிகளை வெட்டி மாற்றவேண்டும். ஸ்டீயரிங்கில் இருக்கும் கியர் தரைக்கு வரவேண்டும். பின்சக்கரத்துக்குச் செல்லும் நீண்ட தண்டின் அளவும் மாறும். எல்லாவற்றிற்கும் மேலாக, பழைய டிரம் பிரேக் பழைய வேகத்துக்கு அமைந்தது. "ஓடுவதற்குப் பலம் கொடுத்துவிட்டு நிற்பதற்குக் கொடுக்காவிட்டால் எப்படி, சாமி?" என்று கேட்டார். சட்டமும் குறுக்கே நின்றது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கலாகாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது.

தம்பியின் மகன் கல்லூரி மாணவன். அவனுக்கோ, வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்தபடியே இருக்கவேண்டும். மூலையில் கிடக்கும் பெட்ரோல் இயந்திரத்தையே பூட்டி, பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம் என்றான். 2021இல் மத்திய அரசு வகுத்த விதியின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, உடலும் இயந்திரமும் மாற்றப்படாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்னும் எழுத்துகளோடு தனி எண்பலகை உண்டு. அவன் கண்களில் அந்தப் பலகை அப்போதே மின்னியது. கடற்கரைச் சாலையின் 'மேரி' கட்டடம் 2014 மழையில் இடிந்து, பழைய வடிவிலேயே எழும்பி 2021இல் திறக்கப்பட்டதே, அது பழையதா, புதியதா என்று கேட்டு அவனைச் சற்று மடக்கினோம். "அதனால்தான் பெரியப்பா, இருக்கிற பழசை விடக்கூடாது என்கிறேன்" என்றான். மடங்கியவர் நாமே.

இனி நம் கட்சியையும் சொல்லிவிடவேண்டும். டீசல் இயந்திரத்தையே பழுது பார்க்கவேண்டும் என்றோம். அது நம்மைப் படிக்கவைத்த இயந்திரம். நள்ளிரவில் மீனம்பாக்கத்திலிருந்து அவர் திரும்புகையில் தெருமுனையிலேயே அதன் கடகடவென்ற ஓசை கேட்கும். அம்மா எழுந்து அடுப்பை மூட்டுவார்கள். அவ்வோசையை இழந்தால் வண்டியில் தந்தையார் எங்கே இருக்கிறார் என்று சற்று உருக்கமாகவே பேசினோம். பிரசங்கம் செய்து பழகிய நாக்கு அல்லவா? எல்லாரும் அமைதியானார்கள். வழக்கு முடிந்ததென்று எண்ணினோம்.

தங்கை மட்டும் ஒப்பவில்லை. "அண்ணே, டீசல் உங்கள் படிப்புக்காக அப்பா பூட்டிக்கொண்டது. அப்பா ஆசைப்பட்டது அதுவா?" என்றார். பின்னர் அவர் சொன்னது நாம் அறியாத செய்தி. ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்குமுன் தந்தையார் அந்தக் கோணியை அவிழ்த்து, ஸ்பார்க் பிளக் துளைகள் நான்கிலும் எண்ணெய் ஊற்றி, கையாலேயே இயந்திரத்தை அரைச்சுற்றுச் சுற்றி, மறுபடி கட்டிவைப்பாராம். "நான்தான் விளக்குப் பிடிப்பேன். பிள்ளைகள் தலையெடுக்கட்டும், இதைத் திரும்பப் பூட்டிவிடுவேன் என்பார்." நாம் அப்போது குருமடத்தில் இருந்தோம். தம்பி உறங்கியிருப்பார்.

பட்டறையில் இயந்திரத்தைத் திறந்தபோது தங்கையின் சொல்லுக்குச் சான்று கிடைத்தது. பிஸ்டன்கள் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டிருந்தன. ஆனால் சுவரில் ஆழமாகத் துரு ஏறவில்லை. கருத்துத் தடித்த பழைய எண்ணெய், கூழைப்போல் நான்கு சிலிண்டரிலும் தங்கியிருந்தது. மெக்கானிக் அதனை விரலில் தொட்டுப் பார்த்தார். "யாரோ பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள், சாமி. ஒரு சைஸ் ரீபோர் செய்தால் போதும்" என்றார். இருபத்தோராண்டுகள் அம்மனிதர் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். பிள்ளைகள் தலையெடுத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் அதனைப் பூட்டிக்கொள்ளவில்லை. நம் குருப்பட்டச் செலவு, தங்கையின் திருமணம், தம்பியின் வீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருக்கவேண்டும். நாம் ஒருநாளும் கேட்டதில்லை. நன்றியறிதல் என்று நாம் மேடையேற்றிய உருக்கம், நமக்கு அவர் செய்ததையே மையமாகக் கொண்டிருந்தது. அவருக்கென்று ஒரு விருப்பம் இருந்ததா என்று அது வினவவேயில்லை. அன்றிரவு செபமாலையில் மனம் ஒன்றவில்லை என்பதை மறைப்பானேன்?

பெட்ரோல் இயந்திரமே என்று தீர்ப்பாயிற்று. இசுசுவைவிடச் செலவு கூடுதல். தம்பி முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டார். தனி எண்பலகைதான் எஞ்சியிருந்தது. அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டலாகாது. கண்காட்சிக்கும் பழைய கார் அணிவகுப்புக்கும் பழுதுபார்க்கவுமே வெளியே எடுக்கலாம் என்பது விதி. இதனைத் தம்பி மகன் விளக்கிக்கொண்டிருக்கையில், எண்பத்துமூன்று வயதான அம்மா, "அப்போ வில்லியனூருக்கு இதில் போகக்கூடாதா?" என்று கேட்டார்கள். போகக்கூடாது, பாட்டி என்றான். அதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எண்பலகைப் பேச்சு அத்துடன் நின்றுபோயிற்று.

இடையில் ஒன்று. அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. 2017இல் அந்தப் பெயரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது பிரெஞ்சு நாட்டுப் பெழோ நிறுவனம். 1954இல் புதுவையை விட்டுப் போனவர்கள் அம்பாசடரையாவது கொண்டுபோனார்களே என்று பங்கின் பெரியவர் ஒருவர் வேடிக்கையாகச் சொன்னார்.

பெட்ரோல் இயந்திரம் இப்போது லேத் பட்டறையில் இருக்கின்றது. பதிவுப் புத்தகத்தில் பழையபடி மாற்றி எழுத விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். டீசல் இயந்திரத்தைச் செயின் பிளாக்கில் கட்டி இறக்கியபோது, பழைய இரும்புக் கடைக்காரர் எடைபோட்டு எடுத்துக்கொள்ள வந்தார். தம்பி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அதே மூலையில் அதனை வைத்து, அதே கோணியைப் போர்த்தினார். மழைக்குமுன் எண்ணெய் ஊற்றும் வேலையை நாம் கேட்டுப் பெற்றுக்கொண்டோம். டீசலில் ஸ்பார்க் பிளக் இல்லை. இன்ஜெக்டரைக் கழற்றித்தான் ஊற்றவேண்டும். எந்தச் சாவி என்று மெக்கானிக் காட்டிக்கொடுத்தார். விளக்குப் பிடிக்கத் தங்கை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.