எழுதினது எழுதினபடியே

மேல்பட்டாம்பாக்கத்தில் நாங்கள் படித்து முடித்த காலத்தில் வேலை என்றால் மூன்று ஊர்ப் பெயர்தான் வீட்டில் அடிபடும். நெய்வேலி சுரங்கம், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை. நெய்வேலியில் வேலை என்றால் குவார்ட்டர்ஸ் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, பெண் கொடுக்க வரிசையில் நிற்பார்கள். சிப்காட் கடைசியில்தான் வரும். கெமிஸ்ட்ரி படித்த எனக்கு அந்தக் கடைசிதான் வாய்த்தது. அங்கே ஒரு பெரிய மருந்து ஆலை. முடி நரைக்கும் வரை அங்கேதான் இருந்தேன்.

அப்போது விழுப்புரம் பாதை மீட்டர் கேஜ். பண்ருட்டியிலிருந்து வரும் பாசஞ்சரில் எங்கள் ஊரில் ஏறினால் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலைக்காரர்கள் இறங்குவார்கள். சிப்காட் ஆட்கள் நாங்கள் கடலூர் துறைமுகம் வரை போய், அங்கிருந்து சிதம்பரம் சாலையில் குடிகாடு போக பஸ் பிடிப்போம். யார் ஆலையில் போனஸ் எவ்வளவு, எங்கே தொழிற்சங்கத்தோடு போடும் 12(3) சம்பள ஒப்பந்தம் இழுத்துக்கொண்டிருக்கிறது, எந்த அதிகாரி நல்லவர் என்பதெல்லாம் அந்தப் பெட்டியிலேயே தெரிந்துவிடும். 2006 இறுதியில் அகலப் பாதைக்காக ரயிலை நிறுத்தினார்கள். 2010இல் புது ரயில் வந்தபோது ஆளுக்கொரு பைக் வாங்கியிருந்தோம். அந்தப் பேச்சும் அதோடு போயிற்று.

எங்கள் ஆலையில் செய்தது மாத்திரை அல்ல, மாத்திரைக்குள் இருக்கும் மூலமருந்து. 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று வகுத்தது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யத் தெரிந்தவனுக்குக் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் எங்களைப் போன்ற சின்ன ஊர் பி.எஸ்சி. பட்டதாரிகள் ரியாக்டர் பக்கத்தில் போய் நின்றோம். முதலில் வந்த மேலாளர்களும் அப்படி வந்தவர்களே. கையில் கரைப்பான் வாடையோடு சாப்பிட உட்காருவார்கள்.

ஓர் இரவு ஷிப்ட் நினைவிலிருந்து போகவே மாட்டேன் என்கிறது. டிரையரில் தூள் உலர்ந்துகொண்டிருந்தது. வெப்பம் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. நீராவி வால்வு பிடித்துக்கொண்டதில் முள் 68க்கு ஏறிவிட்டது. ஆபரேட்டர் அண்ணன் எட்டாவது வரை படித்தவர். பேட்ச் ரெக்கார்டில் கோணல் எழுத்தில் 68 என்றே எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டார். நான் மேலாளருக்குப் போன் போட்டேன். இரவு இரண்டு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார்.

"எவ்வளவு நேரம்ப்பா ஏறி இருந்தது?"

"கால் மணி இருக்கும் சார். வால்வு பிடிச்சிக்கிச்சி. 68ன்னே எழுதிட்டேன்."

"எழுதினது எழுதினபடியே இருக்கட்டும்."

காலி டிரம் ஒன்றைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, அந்த வரிக்குக் கீழே நடந்ததை எழுதித் தேதி, நேரத்தோடு கையெழுத்துப் போட்டார். பேட்சை நிறுத்தி வைத்தோம். சோதனையில் மாசு கூடுதலாக இருந்தது. மறுபடி கரைத்துப் படிகமாக்கினோம். சரக்கு தாமதமாகத்தான் போனது. தலைமை அலுவலகத்துக்கு அவரே பதில் சொல்லிக்கொண்டார். யாருக்கும் மெமோ வரவில்லை. மறுநாள் ஃபிட்டர் வந்து வால்வை மாற்றினார், அவ்வளவுதான்.

எழுதியதை மாற்ற வேண்டுமானால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும், அடித்தது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பது மருந்துத் தொழிலின் விதி. வொயிட்னருக்கு இடமே இல்லை. விதியைச் சொல்லித் தர ஒரு மணி நேர வகுப்பு போதும். நம்பி எழுதும் தைரியத்தை அந்த மேலாளரைப் போன்றவர்கள்தான் தந்தார்கள்.

அப்போது மேலாளருக்கும் ஆபரேட்டருக்கும் ஒரே கேண்டீன், ஒரே சாம்பார். ஆயுத பூஜைக்கு சென்ட்ரிபியூஜ் முதல் பாய்லர் வரை சந்தனப் பொட்டு, பொரி, கடலை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து எங்கள் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தபோது, கூரை போனவர்களின் பட்டியலை ஃபோர்மேன்களே எழுதி, கேட்கும் முன்பே முன்பணம் வாங்கிக் கொடுத்தார்கள்.

பிறகு மெல்ல மெல்ல மாறியது. ஏற்றுமதி பெருகியது, அமெரிக்கத் தணிக்கையாளர்கள் வந்தார்கள். அதனால் வந்த நன்மைகள் பெரியவை. தரை மெழுகியதுபோல் ஆனது, காற்றையும் வடிகட்டினார்கள். பொட்டும் பொரியும் உற்பத்திப் பகுதிக்கு வெளியே போனதும் சரியே. ஆனால் மேலாளர்களும் வெளியே போய்விட்டார்கள். காலைக் கூட்டத்தில் கிலோ கணக்கு மட்டும் திரையில் ஓடும். பேச்சு ஆங்கிலத்தில். ஆபரேட்டர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். அந்த 480 எட்டாதபடி ஒப்பந்தப் பையன்களை இடையில் நிறுத்தி மறுபடி எடுத்தார்கள். நாளைக்கு வேலை உண்டா என்று தெரியாதவன் 68ஐ 68 என்று எப்படி எழுதுவான்? ஈரப்பதம் இறங்கவில்லை என்று மெயில் அனுப்பிய இளம் கெமிஸ்ட் ஒருவனிடம், "போனில் சொல்லியிருக்கலாமே, ஏன் எழுத்தில் போட்டாய்?" என்று மேலிடத்தில் கேட்டதை என் காதாலேயே கேட்டேன். அடுத்த மாதம் அவனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

இது ஓர் ஆலையின் கதை மட்டுமல்ல. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் சோதனைத் தரவுகள் பொய்யாக எழுதப்பட்டதை வெளியே சொன்னவர் அங்கே வேலை பார்த்த தினேஷ் தாக்கூர். 2013 மே மாதம் அந்த நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. 50 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் அதைக் குடித்த பிள்ளைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரிலிருந்து இன்றும் பிள்ளைகள் சிப்காட்டுக்குப் போகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: முள் காட்டுவதை எழுதுங்கள். அவர்களை வேலை வாங்குகிறவர்களுக்குச் சொல்வதும் ஒன்றுதான்: அந்தப் பிள்ளைகளை நிரந்தரமாக்குங்கள், அவர்கள் எழுதியதற்குக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். உள்ளதை எழுதப் பயப்படுகிறவன் செய்யும் மருந்தை எந்தத் தாயும் நம்பித் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.